இன்னிக்கு யாரு?

"தம்பி, இன்னிக்கு யாரு?"

தெம்பனிஸ் வட்டாரத்து அல்போன்சம்மாள்தான். தினமும் காலையில் ஃபோன் செய்து இதையேதான் கேட்பாள். பத்திரிகை அலுவலகத்தில் இயேசுதாசன் அலுப்போடு அன்றைய பேப்பரின் மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்துப் பெயர்களை வாசித்தான்.

"அவ்வளவுதானா? வேற யாரும் இல்லையே?"

"ஏம்மா, இன்னும் ரெண்டு பேரு போனாத்தான் திருப்தியா?"

"சீச்சீ, வாயைக் கழுவுப்பா! மாதாவே, உமக்கு நன்றி." வைத்துவிட்டாள்.

"யாருப்பா ஃபோன்ல?" முதலாளி அழகப்பன் உள்ளே வந்தார். சிராங்கூன் ரோட்டு மாடிப்படி ஏறியதில் மூச்சு இரைத்தது.

"நம்ம வாசகர், முதலாளி."

"பேப்பர் வாங்குறவரா?"

"இல்ல. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. கேப்பாங்க."

விற்காமல் திரும்பி வந்த கட்டுகளின் மேலேயே அழகப்பன் உட்கார்ந்தார். "வீட்டுக்கு வீடு டிவி வந்துருச்சு. பிள்ளைங்க இங்கிலீஷ் பேப்பர் படிக்குதுங்க. இந்த மாசத்தோட மூடிடலாம்பா. எனக்கும் முடியல."

"மூட வேணாம் முதலாளி. ஃபோன் பேப்பர் நடத்துவோம். நம்பரைச் சுத்தினா நாம செய்தி வாசிச்சுக் காட்டுவோம். தெம்பனிஸ்ல ஒருத்தர், சுவா சூ காங்ல ஒருத்தர், நாம சொல்லாமலே இப்பவே தினமும் கேக்குறாங்க. விளம்பரம் பண்ணினா ஊரே கேக்கும்."

"கனவு காணாத லா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, நாளைக்குக் காலையில வந்து உக்கார்றேன். அந்த ரெண்டு ஃபோனும் வரட்டும். வந்தா இன்னொரு லைன் போட்டுத் தர்றேன். வரலேன்னா பூட்டுதான்."

அவர் கிளம்பிய பிறகு சுவா சூ காங் ரத்தினம்மா அழைத்தாள். அவளுக்கும் அதே பெயர்களை வாசித்தான். அவளும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"நாளைக்குக் கட்டாயம் கூப்பிடுங்கம்மா. என் பொழைப்பே அதுலதான் இருக்கு. தெம்பனிஸ் அல்போன்சம்மாளும் கூப்பிடுவாங்க."

மறுமுனையில் அவள் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவங்க நம்பர் இருக்கா தம்பி?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். காலையில நான் ஞாபகப்படுத்துறேன்."

நல்ல யோசனையாகத் தோன்றியது. லைன் அறுந்தால் திரும்பக் கூப்பிடச் சொல்லி அல்போன்சம்மாள் தந்திருந்த எண்ணைக் கொடுத்தான்.

மறுநாள் காலை அழகப்பன் ஃபோனுக்கு எதிரே உட்கார்ந்தார். கோப்பி வந்தது, ஆறியது. ஃபோன் அடிக்கவில்லை. பொறுக்க முடியாமல் இயேசுதாசனே தெம்பனிஸ் எண்ணைச் சுற்றினான். பிஸி. ரத்தினம்மாவும் அப்படியே தந்திருந்த சுவா சூ காங் எண்ணைச் சுற்றினான். அதுவும் பிஸி.

"போதும்பா." அழகப்பன் எழுந்தார். குரலில் கோபம்கூட இல்லை. "வீட்டுக்குப் போய்த் தூங்கு."

மதியம் அவன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"தம்பி, அல்போன்சம்மா பேசுறேன்." அழுது கரகரத்த குரல். "தஞ்சோங் பகார்ல நானும் ரத்தினம்மாவும் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்த வீடுகளை இடிச்சப்போ ஆளுக்கொரு திசையாப் போயிட்டோம். அந்தச் சாவுப் பக்கத்துல அவ பேரு வரலேன்னா, எங்கேயோ உசுரோட இருக்கான்னு எனக்கு நிம்மதி. அவளும் இத்தனை நாளா எம் பேரு வருதான்னுதான் உங்கிட்ட கேட்டிருக்கா!"

இயேசுதாசன் காலி செய்த மேசை மேலேயே உட்கார்ந்தான்.

"இனிமே உனக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டோம், தம்பி."