இடது தோள்

"நேரா நில்லுங்கக்கா."

அவள் நேராகத்தான் நின்றிருந்தாள்.

பிசியோதெரபி செய்கிற ஹேமலதா அவளைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். தலை வலப்புறம் சாய்ந்திருந்தது. இடது தோளுக்கு மேலே மட்டும் நிறைய இடம் காலியாகக் கிடந்தது.

"கண்ணாடியைக் கோணலா மாட்டியிருக்கீங்களோ அம்மிணி?"

ஹேமலதா சிரித்துவிட்டாள். கோபியில் கிளினிக் திறந்த நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கண்ணாடியைத்தான் குறை சொல்கிறார்களாம்.

படுக்க வைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் விரல்கள் கட்டிப்போன இடத்தில் வந்து நின்றன.

"இந்தப் பக்கம் என்னக்கா தூக்குவீங்க?"

"இப்ப ஒண்ணுந் தூக்கறதில்ல அம்மிணி."

பொய்யில்லை. பொங்கல் கழிந்து மகன் முகிலன் கண்ணை மூடிய பிறகு அவள் எதையுமே தூக்கவில்லை.

பதினோரு வயதுப் பிள்ளை. நடக்க மாட்டான், பேச மாட்டான். தலை நிற்காது. அந்தத் தலை எப்போதும் அவளுடைய இடது தோளில்தான் கிடக்கும். கூட்டமான பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுப்பதுபோல அவள் தலை வலப்புறம் ஒதுங்கிக்கொள்ளும். கொடுத்த இடத்தை அது திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

தூக்கித் திரிந்த காலமெல்லாம் கழுத்து வாயைத் திறக்கவில்லை. பாரம் இறங்கிய பிறகுதான் வலிக்கத் தொடங்கியது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பக்கத்து வீட்டு ராமாத்தாள் பார்த்துவிட்டு, "காலு முன்னால வந்து பொறந்தவங்க யாராச்சும் காலால நீவி உட்டாங்கன்னா..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முகிலன் கால் முன்னால் வந்து பிறந்தவன். தலை வெளியே வரத் தாமதமாகி, மூச்சு முட்டி, அதோடு எல்லாம் போயிற்று. ஆனால் அப்படிப் பிறந்த பிள்ளையின் கால் பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று தெருவே நம்பியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் யாரோ வருவார்கள். அவனைத் தோளில் போட்டபடியே அவள் அந்தப் பாதத்தைப் பிடித்து அவர்கள் முதுகில் நீவிவிடுவாள். ஓர் அடிகூட எடுத்து வைக்காத பாதம். மெத்தென்றிருக்கும். அவனுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும். வந்தவர்கள் நிமிர்ந்து நடந்து போவார்கள்.

ஊருக்கெல்லாம் நீவிவிட்ட கால்.

அவள் கழுத்துக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை.

கணவர்தான் அவளை விடாப்பிடியாகக் கிளினிக்குக் கூட்டி வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஹேமலதா பொறுமைக்காரி. கட்டிப்போன தசையை நீவி நீவி இளக்கினாள். ஒரு நாள் மல்லாக்கப் படுக்க வைத்து, பின்மண்டைக்கு அடியில் ஒரு கையும் தாடையில் ஒரு கையும் கொடுத்துத் தலையை மெல்ல ஏந்தினாள்.

முகிலனைக் குளிப்பாட்டும்போது அவள் பிடிக்கிற பிடி அது.

கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

வலிக்குதா என்று கேட்டாள் ஹேமலதா. ஆமாம் என்றாள்.

பிறகு யோகா. பூனையைப்போல முதுகை வளைக்கச் சொன்னால் வளைத்தாள். பாம்பைப்போலத் தலையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள். சவாசனத்துக்கு மட்டும் படுக்க மாட்டேன் என்றுவிட்டாள். ஹேமலதா காரணம் கேட்கவில்லை.

கழுத்து சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. வலி குறைந்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது.

வீட்டில் அவர் இல்லாத நேரம் பார்த்து, பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றாள். இப்போது தூக்கினால் அவன் தலை எங்கே கிடக்கும் என்று பார்த்தாள்.

இடம் போதவில்லை.

நாளையிலிருந்து போக வேண்டாம் என்று முடிவு செய்தாள். காலையில் பார்த்தால் அவர் பைக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். பிள்ளை போனதிலிருந்து அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "கழுத்து தேவலையா?" என்று கேட்கும்போது மட்டும் கொஞ்சம் உயிர் வருகிறது. அதை எப்படிக் கெடுப்பது? பைக்கில் ஏறிக்கொண்டாள்.

கடைசி நாள் ஹேமலதா மறுபடியும் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினாள்.

தலை நேராக இருந்தது. அவளுக்கோ ஒரேயடியாக இடப்புறம் கவிழ்ந்து கிடப்பதாகத் தோன்றியது. பழகிவிடும் என்றாள் ஹேமலதா. சந்தோஷம் தாங்காமல் வெளியே போய் அவரையும் கூட்டி வந்தாள்.

அவர் வந்து, எப்போதும்போல, அவளுக்கு இடப்பக்கம் நின்றார். ஆஸ்பத்திரிக்கு நடக்கிறபோது அப்படித்தான் நடப்பார்கள். அவளுக்குக் கை கடுத்தால், அவளுடைய இடது தோளிலிருந்து அவருடைய வலது தோளுக்குப் பிள்ளை தூக்கம் கலையாமல் மாறிப் போவான்.

ஹேமலதா அவளைப் பார்க்கவில்லை. அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்க தலையும் சாஞ்சிருக்குதே. இடப்பக்கமா. வலிக்கறதில்லீங்களா? நாளைக்கு நீங்க வாங்க, சரி பண்ணிடலாம்."

அவர் குழப்பத்தோடு கண்ணாடியைப் பார்த்தார்.

அவர் நேராகத்தான் நின்றிருந்தார்.

அவள் அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வந்து மறைத்துக்கொண்டாள்.

"அவருக்கு வேண்டாம் அம்மிணி. ஒருத்தர் தோள்லயாச்சும் எடம் இருக்கட்டும்."