மூன்றாவது பாட்டு முடியும் இடம்

இப்போது வரும்.

அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவர் சம்பத் விரலைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஞ்சோ வேகம் பிடித்தது. டிரம் பின்னாலேயே ஓடிவந்தது. பாடகன் கடைசி வரியை இழுத்தான். இழுத்து, விட்டான்.

கைதட்டல். ஆயிரம் பேராவது இருப்பார்கள்.

அவ்வளவுதான்.

தூக்கிய விரல் அப்படியே நின்றது. அந்த "ஓ...ஹோய்" எங்கே?

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில், மேடையில் பாடியதை அப்படியே பிடித்துப் போட்ட இசைத்தட்டு. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தோடு கிராமத்துப் பாட்டும் ராக் இசையும் கலந்த கும்மாளம். அவளிடம் இருந்தது அதன் கேசட் நகல். கல்யாணத்துக்கு முன்னால், கிண்டியில் ஹாஸ்டலில் இருந்தபோது சம்பத் பதிவு செய்து கொடுத்தது.

இசைத்தட்டு சீனியர் ஒருவருடையது. சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அறைக் கதவைச் சாத்தி, ஸ்பீக்கருக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, இருமல்கூட வராமல் உட்கார்ந்து பிடித்தாராம். பாட்டுக்கு நடுவே ஹாஸ்டல் ஃபேனின் கிறீச்சுச் சத்தமும் கேட்கும்.

மாம்பலம் வீட்டில், அப்பா ஆபீஸுக்குக் கிளம்பியதும் அவள் அதைப் போடுவாள்.

மூன்றாவது பாட்டு முடிந்தும் முடியாமல், கைதட்டலையும் முந்திக்கொண்டு, கூட்டத்தில் ஒருவன் கத்துவான். அடக்கிப் பார்த்து, முடியாமல் பீறிட்டுவிட்ட சந்தோஷம். அவளுக்குப் பாட்டைவிட அந்தக் கத்தல்தான் உயிர்.

"யாருங்க இந்தப் பைத்தியம்? உங்களுக்கு முன்னாடி இவனைப் பார்த்திருந்தா இவனையே கட்டிக்கிட்டிருப்பேன்."

கல்யாணமான புதிதில் சொன்னாள். அப்புறமும் அந்த இடம் வரும்போதெல்லாம் சொன்னாள். சம்பத் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

பெண் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிப் போனாள். டேப் ரெக்கார்டர் எப்போதோ கெட்டுப்போனது. கேசட்டுகள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் போய் பரணில் ஏறின.

போன வருஷம் சம்பத்தின் தொண்டையில் கட்டி. கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை, துளையை மூடி ஒரு மெல்லிய துணி. பெரிய விஷயமென்றால் சிலேட்டில் எழுதுவார். சின்ன விஷயத்துக்குத் தட்டல். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் வேண்டாம். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் அவள்தான்.

இன்றைக்கு ஏதோ தோன்றி, நினைவில் இருந்த ஒரு வரியைப் போனிடம் சொன்னாள். மொத்த ஆல்பமும் வந்து நின்றது. அவர் முகம் மலரும் என்று ஓடிவந்து போட்டாள்.

மறுபடி அந்த இடத்தைப் போட்டாள். பாடகன் இழுத்தான், விட்டான். கைதட்டல்.

"வெட்டிட்டாங்க போலிருக்கு" என்றாள்.

வேறு ஒருவர் ஏற்றியிருந்ததைத் தேடிப் போட்டாள். அதிலும் இல்லை. ஃபேனின் கிறீச்சும் இல்லை.

கிறீச்சு எப்படி இருக்கும்? அது ஹாஸ்டல் அறைச் சத்தம் அல்லவா.

அவள் நிமிர்ந்தாள்.

சம்பத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதே சிரிப்பு. காது மடல் சிவந்திருந்தது.

"அது நீங்களா?"

மேஜை மேல் ஒரு தட்டு.

அவள் பார்வை பரணுக்குப் போனது.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணைக் காலி செய்தாள். இனி இதெல்லாம் எதற்கு, எல்லாம் போனிலேயே இருக்கிறதே என்று செருப்புப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் நீட்டினாள். உள்ளேயிருந்து சம்பத் வேகமாக வந்தார். பெட்டியின் மூடிமேல் தட்டினார்.

இரண்டு தட்டு.

"பாருங்கம்மா, சாரே தட்டிக் குடுத்து அனுப்பி வெக்கிறாரு" என்றார் பேப்பர்காரர்.

அவள் சிரித்தாள். அவர் தோளைத் தொட்டு, "போய்ட்டு வான்னு சொல்றாரு" என்றாள்.

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பேப்பர்காரர் படியிறங்கும்வரை சம்பத் வாசலில் நின்றார். அப்புறம் உள்ளே போனார். சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

கல்யாண வீடியோவில் நாதஸ்வரம்தான் இருக்கிறது. பெண்ணின் போனில் இருக்கும் அவர் குரல் ஏற்கெனவே கரகரத்துப் போனது. அந்த ஹாஸ்டல் பையனின் குரல் வேறெங்கும் இல்லை.

"அன்னைக்கே எழுதிக் காட்டியிருக்கலாம்ல?"

அவர் சிலேட்டை எடுக்கவில்லை. கையை நீட்டி அவள் போனைத் தொட்டார். மறுபடி போடு என்பதுபோல.

போட்டாள்.

பாஞ்சோ வேகம் பிடித்தது. டிரம் பின்னாலேயே ஓடிவந்தது. சம்பத் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கால் தாளம் போட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

பாடகன் கடைசி வரியை இழுத்தான்.

அவர் வாய் திறந்தது. கழுத்துத் துணி உப்பியது.

கைதட்டல் வருமுன், அவள் போனின் சத்தத்தை முழுசாகக் குறைத்தாள்.