பக்கத்துத் தொட்டி

“அவளின்ர கதையை இந்தப் படகுக்குள்ளயும் எடுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்,” என்றார் தில்லையம்பலம், ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி.

“நான் எங்க எடுத்தனான்? வெயில் எண்டுதானே சொன்னனான்,” என்றாள் ஜெயமலர்.

ரூஜில் உள்ள வீட்டிலிருந்து விடியவே காரில் வந்து, பீற்றர்பரோ கால்வாயில் ஒருநாள் வாடகைக்கு எடுத்த படகு அது. அவள் கேட்டதும் கணவர் மறுக்காமல் சம்மதித்திருந்தார். ஏன் கேட்டாள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

மகள் அட்சயா, தான் காதலித்த மாக்கஸைக் கட்டிக்கொண்டு போன அன்று, தில்லையம்பலம் மனைவியைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தார். அவள் வாசலை மிதிப்பதில்லை, அவளை இந்த வாசலில் ஏற்றுவதில்லை. ஃபோனைப் பற்றிச் சத்தியம் வாங்க மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் கோயில் கூட்டத்துக்குப் போய்விடுவார். பேச வசதியான நாள். ஆனால் அன்றைக்குப் பார்த்து அட்சயா ஃபோனை எடுக்கவே மாட்டாள். மற்ற நாட்களில் ஜெயமலர் குளியலறைக்குள் நின்று களவாகப் பேசினாள்.

இன்றைய யோசனை மகளுடையது. கால்வாயின் நடுவே, படகுகளை ஏற்றி இறக்க இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். நடுவழியில் ஒரு கணம் இரண்டும் சமமாக வரும்.

“நீங்கள் கீழால வாங்கோ அம்மா, நாங்கள் மேலால வாறம். நீங்களும் என்ர வாசலுக்கு வரேல்ல, நானும் உங்கட வாசலுக்கு வரேல்ல,” என்று சிரித்திருந்தாள்.

படகு தொட்டிக்குள் நுழைந்தது. கதவு மூடி, தொட்டி மெல்ல ஏறத் தொடங்கியது.

“இஞ்சேருங்கோ, உள்ளுக்கு பிளாஸ்க்கில தேத்தண்ணி இருக்கு. ஒருக்கா ஊத்திக்கொண்டு வாங்கோவன்.”

“நான் என்ன உமக்கு வேலைக்காரனே?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

பக்கத்துத் தொட்டி இறங்கி வந்தது. படகின் முன்பக்கம் கம்பியைப் பிடித்தபடி அட்சயா. மாக்கஸ் அவள் தோளை அணைத்து நின்றான்.

“அம்மா!”

“என்னடி உப்பிடி மெலிஞ்சுபோனாய்? சாப்பிடுறியோ?”

“டயற் அம்மா, டயற்.”

“உந்தக் கொதிக்கிற வெயிலுக்க என்ன கம்பளித் தொப்பி?”

“அது ஃபாஷன். உங்களுக்கு விளங்காது.”

மாக்கஸ் கோணலாகக் கும்பிட்டான். ஜெயமலர் கம்பிக்கு மேலால் கையை நீட்டினாள்; அட்சயாவும் நீட்டினாள். எட்டவில்லை.

மகளின் முகம் கீழே போனது. பிறகு பச்சைத் தொப்பி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

தில்லையம்பலம் இரண்டு கோப்பைகளோடு வெளியே வந்தார். பாதித் தேநீர் அவர் கையில் சிந்தியிருந்தது.

ஜெயமலரால் அடக்க முடியவில்லை. “கோவிக்காதேங்கோ. நான் பிள்ளையைப் பாத்தனான். சத்தியத்தை மீறேல்ல. அந்தப் பச்சைத் தொப்பியோட என்ன வடிவு தெரியுமே! அடுத்த கோடைக்கும் இப்பிடி வருவம், என்ன?”

அவர் கோபிக்கவில்லை. தொட்டி உச்சியில் நின்று கதவு திறந்தது. முன்னால் நின்ற படகுகள் புறப்பட்டன. அவர் எஞ்சினைப் போடவில்லை.

“அந்தத் தொப்பி நான் வாங்கிக் குடுத்தது, மலர்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“செவ்வாய்க்கிழமைகளில நான் போறது கோயிலுக்கில்ல. அவளின்ர கீமோவுக்கு.”