மணி அடிக்கவில்லை

ஜன்னலோரக் கணினியில் ஜெர்மன் பாடம் ஓடும்போதெல்லாம் வெளியே உட்கார்ந்து ஒரு காகமும் படித்தது. வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் பாட மென்பொருள் ‘டிங்’ என்று மணியடிக்கும்.

“உனக்கெதுக்கு இந்த வீண் வேலை?” என்றது அணில்.

“பனிக்காலத்துல ஜெர்மனி நாரை வருமே! போன வருஷம் பக்கத்துல உட்கார்ந்தும் ஊமை மாதிரி முழிச்சேன்.”

நாரை வந்தது. காகம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மனில் கேட்டது: “பயணம் சௌகரியமா இருந்துச்சா?”

கேட்டுவிட்டு மணிக்காகக் காத்திருந்தது. மணி அடிக்கவில்லை. போச்சு, தப்பாச் சொல்லிட்டோம் என்று வெட்கப்பட்டுச் சிறகை விரித்தது.

“எங்கே கிளம்பிட்டே?” என்றது நாரை, ஜெர்மனிலேயே. “வழியெல்லாம் புயல். உட்காரு, சொல்றேன்.”

பாதிதான் புரிந்தது. புரியாத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டே காகம் நெருங்கி உட்கார்ந்தது.