பச்சையாகிப்போன வேதமுத்து

"வேதமுத்து பேருக்குப் பச்சை விழுந்தா நல்லதுதானேடி, திட்டறதை விட்டுட்டாருன்னு..." என்றாள் அம்மா.

"விடமாட்டாரும்மா! அவர் விடற ஆளே இல்லை!"

யாழிசைக்குத் தோசைமாவுக் கம்பெனியில் வேலை. வாடிக்கையாளர்கள் இணையத்தில் போடுவதையெல்லாம் வீட்டிலிருந்தே கவனிக்க வேண்டும். நாகர்கோவில் வேதமுத்து தினமும் காலையில் தோசையைப் படமெடுத்து, "இது மாவா, சுண்ணாம்பா?" என்று போடுவார். சில நாளாக ஒன்றையும் காணோம். திட்டாதவர் திருப்தியானவர் என்று கம்பெனிக் கணினித் திரை அவர் பெயரைப் பச்சையாக்கிவிட்டது. பச்சையானவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தால் வேலை போய்விடும்.

"கூப்பிடாதேடி," என்றாள் அம்மா.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு?"

"ஐயா, மாவுக் கம்பெனிலேருந்து பேசறேன். நல்லா இருக்கீங்களா?"

"பாத்ரூம்ல வழுக்கி வலது கை ஒடிஞ்சு கெடக்கேன். இடது கையால தோசை சுட்டுரலாம், படம் பிடிக்கத்தான் வரல. படமில்லாம திட்டுனா மரியாதையா இருக்காதுல்லா? மாவு இன்னைக்கும் சுண்ணாம்புதான், எழுதிக்கோ."

யாழிசைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுதினாள். புகார் ஏறியதும் பச்சை சிவப்பானது, புகார்க்காரரைக் கூப்பிட்டது இனி குற்றமில்லை. அம்மா அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

"அது கெடக்கட்டும் மக்ளே, நான் திட்டலையே, என்னாச்சோன்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தோணல. உனக்கு எப்படித் தோணிச்சு?"