படம் எப்படி இருந்துச்சு?

மைக் எங்களிடம் வருவதற்குள் நாலைந்து பேரிடம் போய் வந்திருந்தது.

பகல் காட்சி முடிந்து வந்தவர்களைத் தியேட்டர் வாசலில் மடக்கி, படம் எப்படி இருந்துச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள் யூடியூப் சானல் பெண் ஒருத்தி.

"ஏசி சூப்பர் மேடம். ரெண்டு மணி நேரம் நிம்மதியா தூங்கினேன்."

"ஹீரோ சோகமா இருக்காரு. அப்புறம் ரொம்ப சோகமா இருக்காரு. அவ்ளோதான், லைட்டப் போட்டுட்டாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்த ஹீரோ அவர்தான்.

மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் என்று இருந்தவர். அவருடைய தாடி வைத்த முகத்தை நம்பி ஒரு புது இயக்குநர் எடுத்த படம். இப்போது தாடி இல்லை. ஆளும் பாதியாகியிருந்தார். அவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை.

பத்திரிகைகளைக் குறை சொல்ல முடியாது. ஒன்று ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருந்தது.

எல்லா விமர்சனமும் ஒரே காட்சியில்தான் போய் நின்றது. போன் அடிக்கிறது. அவர் எடுத்துக் காதில் வைக்கிறார். சாவுச் செய்தி. அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை, அழுவதுமில்லை. எதிர்முனைக் குரலை நமக்குக் கேட்கவிடாமல் செய்தது இயக்குநரின் சாமர்த்தியம் என்று ஒருவர் எழுதினார். இந்த ஒரு நிமிடத்தை நடிப்புப் பள்ளிகளில் பாடமாக வைக்கலாம் என்று இன்னொருவர்.

தியேட்டர் மேனேஜரும் அவற்றைப் படித்திருந்தார்.

"நல்லாத்தான் சார் எழுதியிருக்காங்க. எழுதினவங்கள்ல ஒருத்தராவது டிக்கெட் வாங்கியிருக்கலாம்."

மாலைக் காட்சிக்குப் பாதி அரங்காவது நிறையாவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். இதை விட்டால் அந்தப் படம் ஓட வேறு தியேட்டர் இல்லை. அடுத்து வரப்போகும் படத்தின் பேனர் சுருட்டியபடி வாசலில் கிடந்தது.

"விடுங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இதுவும் போச்சுன்னா, அன்னைக்கு நான் எதுக்குப் போனேன்?"

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மைக்கைத் தானே கேட்டு வாங்கினார்.

"நல்ல படங்க. சாயங்காலம் குடும்பத்தோட வந்து பாருங்க. இதுல நடிச்சது நான்தான்."

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களா அங்கிள்?"

"அந்தாளு தாடி வச்சிருப்பாருப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"படத்துக்கு ஆள் பிடிக்க இப்படியும் கிளம்பிட்டாங்களா?"

"அவருதாங்க. நான் அவரு வீட்டுக்காரி" என்றேன்.

"அப்போ ஆன்ட்டிக்கும் சேர்த்துதான் பேமெண்ட்டு."

பலத்த சிரிப்பு. சிலர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. பெரியவரை இப்படிக் கேலி செய்கிறார்களே என்று அவளுக்குச் சங்கடமாகக்கூட இருந்திருக்கும். அவருக்கு ஒரு வழி காட்டுவதாக நினைத்துத் தன் போனை நீட்டினாள்.

"அந்த போன் சீன மட்டும் செஞ்சு காட்டிடுங்க அங்கிள். நம்பிடுறோம். எல்லாரும் சாயங்காலம் மறுபடி வருவோம். என்னப்பா, வருவோம்ல?"

"வருவோம், வருவோம்" என்று கத்தினார்கள்.

வட்டம் கட்டி நின்றார்கள். கேமரா அவர் முகத்துக்குக் கிட்டே வந்தது.

அவர் போனை வாங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மெல்ல என் கையை எடுத்துவிட்டு, போனைக் காதில் வைத்தார்.

முகத்தில் எதுவும் வரவில்லை. கடைக்குப் போன் செய்து சரக்கு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வாரே, அப்படித்தான் நின்றார். கண்கள் மட்டும் என்மேல் இருந்தன.

"டவர் இல்ல போல."

"ராங் நம்பர் அங்கிள், வச்சிருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "வரலம்மா" என்றார்.

மாலைக்குள் பேனர் மாறிவிட்டது. 'போலி ஹீரோ' என்று தலைப்பிட்டு அவர்கள் போட்ட வீடியோவை, படத்தைப் பார்த்தவர்களைப் போலப் பல மடங்கு பேர் பார்த்தார்கள். அவர் காலமானபோது பத்திரிகைகள் மறுபடியும் அந்த போன் காட்சியைப் போட்டு, ஈடு இணையற்ற நடிப்பு என்று எழுதின.

அது நடிப்பில்லை என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் காட்சியை எடுத்த அன்று காலையில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல். ஒரே ஒரு சீன்தான், முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய சொந்த போனுக்கே உதவி இயக்குநர் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதாக அங்கே ஏற்பாடு. அழைப்பது யார் என்று பார்க்காமல் எடுத்துக் காதில் வைக்க வேண்டும்.

போன் அடித்தது. சொன்னபடியே அவர் பார்க்காமல் எடுத்தார்.

நான்தான் கூப்பிட்டேன், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. பாப்பா போய்விட்டாள் என்றேன்.

அவர் பேசவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது.