மத்திமத்தில் நின்றவர்கள்

மத்திம ஸ்வரத்தில் வந்து நின்றாள். கொஞ்சம் பொறுத்தாள். பிறகு பஞ்சமத்தைப் பிடித்து மேலே ஏறினாள்.

எழுதிக்கொண்டிருந்த பரீட்சகர் அம்மா தலையை நிமிர்த்தினார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலும் இல்லை. உயர்தர வகுப்புச் சங்கீதத்தின் செயன்முறைப் பரீட்சை. கல்யாணி ஆலாபனை. ஒரு பிடி பிசகினால் அடுத்தது மறந்துபோகும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றும் பிசகாமல் பாடி முடித்தாள்.

முடித்தபோது மனம் நிறைந்துதான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரீட்சகர் அம்மா கோபக்காரி இல்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, ஊர்ப் புதினம் விசாரிப்பவர் போலத்தான் கேட்டார்.

"ஏன் பிள்ளை, உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எல்லாரும் மத்திமத்தில வந்து நிண்டு போட்டுப் போறியள்? அது நிக்கிற இடமில்லையே."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சங்கீத ரீச்சர் போன வருடம் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. பாவம், ரீச்சர் பிள்ளைகளைக் கைவிடவில்லை. ஆலாபனையை வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினார். சமையலுக்கு நடுவில் பாடியிருக்க வேண்டும். மத்திமத்துக்கு வரும்போது குக்கர் விசிலடித்தது. ரீச்சர் நிறுத்தினார். விசில் அடங்கியதும் தொடர்ந்தார்.

பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினார்கள். விசிலை விட்டுவிட்டார்கள். நிறுத்தத்தை விடவில்லை.

ரீச்சர் நின்றால் நாங்களும் நிற்கத்தானே வேண்டும்.

அவளுக்கு அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். பாடும்போது அங்கே நெஞ்சு அடைக்கும். அதில் ஏதோ துக்கம் இருப்பதாகக்கூட நினைத்திருந்தாள்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"சரி, அதை விடும். பாடமாக்கினது வேண்டாம். உமக்கு வாற கல்யாணியைக் கொஞ்சம் பாடும். சின்னனாப் பாடினாலும் காணும்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் ஆளைக் கொன்றது.

சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஸட்ஜம் வந்தது. ரிஷபத்தைத் தொட்டாள். காந்தாரத்தில் ரீச்சர் வந்துவிட்டார். விலகி வேறு பக்கம் போகப் பார்த்தாள். அங்கேயும் ரீச்சர்தான்.

தனக்கென்று ஒரு பிடி. ஒன்றே ஒன்று. உள்ளே துழாவினாள்.

வீட்டில் வர்த்தகம் படி என்றுதான் சொன்னார்கள். பாட்டுப் படித்து யாருக்கு என்ன கிடைத்தது என்று அப்பா கேட்டார். அவள் சண்டை பிடித்து, சாப்பிடாமல் கிடந்து எடுத்த பாடம் இது. பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படிப்பதைத் தவிர வேறு எதையும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. எனக்குள்ளே பாட்டு இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை நம்பி அப்பாவோடு மல்லுக்கு நின்றாள்.

இருக்கிறது என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

இல்லை.

வாய் திறந்தபடியே இருந்தது. பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

பரீட்சகர் அம்மா காத்திருந்தார். பக்கத்திலிருந்த மற்றப் பரீட்சகர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் பரீட்சகர் அம்மாவே கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினார். போகலாம் என்றார். அழ வேண்டாம் என்றும் சொன்னார்.

அவள் அழவில்லை. அழுவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே.

வெளியே போட்டிருந்த வாங்கில் நிரோஜா உட்கார்ந்திருந்தாள். சின்ன வகுப்பிலிருந்தே கூடப் படிப்பவள். அடுத்தது அவளுடைய முறை. உதடு மட்டும் அசைய, கல்யாணியை ஒருமுறை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

இவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். என்ன கேட்டார்கள், கஷ்டமா என்று குசுகுசுத்தாள்.

சொல்லிவிடலாம். மத்திமத்தில் நிற்காதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொந்தமாகப் பாடச் சொல்வார்கள், ஏதாவது யோசித்து வை என்றும் சொல்லலாம்.

என்னத்தை யோசிப்பாள்?

உள்ளேயிருந்து நிரோஜாவின் பரீட்சைச் சுட்டெண்ணைக் கூப்பிட்டார்கள்.

இவள் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். எல்லாம் தன்னிடம் இருக்கிறது என்று நம்புகிற முகம். அந்த நம்பிக்கை இன்னும் ஒரு ஆலாபனைக்குத் தாங்கும்.

நிரோஜாவின் கழுத்துப்பட்டியை இழுத்து நேராக்கிவிட்டாள்.

"ஒண்டும் கஷ்டமில்லையடி. ரீச்சர் பாடின மாதிரியே பாடு."